கன்னத்துக்குப் போட வேண்டிய கொழுப்பு

ஐப்பசி, செவ்வாய்.
விடியவே வெக்கை. பேத்தி தர்சியோடு வவுனியா கிளினிக். பஸ்ஸில் நின்றே போனது. இடுப்பு விட்டுப்போச்சு.
சண்டைக்குள் தாயைக் கொண்டுபோன செல் குண்டுதான் தர்சியின் இடது கன்னத்தையும் தின்றது. அப்போது கைக்குழந்தை. அவளின் தொடைக் கொழுப்பையே எடுத்து, ஊசியால் அந்தப் பள்ளத்தை நிரப்பலாம் என்று டொக்டர் ஆனி மாதம் சொன்னவர். உடம்பு வைக்க வேண்டுமாம். அன்று தொடக்கம் உழுத்தங்களி, முட்டை, நல்லெண்ணெய். கிண்டிக் கிண்டிக் கை ஓய்ந்தது.
இன்று தொடையைக் கிள்ளிப் பார்க்கிறார். "முந்தியிலும் மெலிஞ்சிட்டா. எடுக்க ஒண்டும் இல்லையே, அம்மா."
"என்ரையை எடுங்கோ. வேண்டினமட்டும் கிடக்கு."
சிரிப்பு வேறு. "அவவின்ரதான் ஒட்டும். போட்ட பிறகும் மெலியக்கூடாது. உடம்பு இறங்கினா கன்னமும் இறங்கும்."
திரும்பும்போது கேட்டேன். வேலைக்குக் கட்டிக்கொடுத்த சோறு எங்கே போனது? கார்மென்ட்ஸ் வாசல் நாய்க்கு!
"கௌரி விரதம், அம்மம்மா. ஒரு நேரச் சாப்பாடு. ஒப்பரேசன் நல்லா நடக்கோணுமெண்டு பூமணி ஆச்சிதான் பிடிக்கச் சொன்னவா."
கொழுப்புக் கேட்டுப் பட்டினி. எங்கே போய் முட்ட?

புதன்.
பூமணி, என் மனிசனின் தங்கச்சி. தர்சி பெரிசான சாமத்தியச் சடங்கில் பச்சைச் சீலையோடு நின்று, "வலப்பக்கத்தாலை மட்டும் எடு தம்பி" என்று படக்காரனுக்குச் சொன்னவள். பிள்ளை பிறகு படம் எடுக்க நின்றதே இல்லை. மறப்பேனா?
அவளின் வீட்டுப் படலையில் நின்றே கேட்டேன், ஏன் பிடிக்கச் சொன்னாய் என்று.
"தொடங்கினதை விட்டா அம்மாள் சும்மா விடமாட்டா, மச்சாள். காப்புக் கட்டினா வருசாவருசம் பிடிக்கவும் வேணும்."
வருசாவருசம் மெலிய, வருசாவருசம் கன்னம் இறங்க. இவளுக்கு விளங்காது.

வெள்ளி.
கோயில். தாயில்லாப் பிள்ளையின் விரதத்தை நான் எடுக்கலாமோ என்று ஐயரிடம் கேட்டேன். "ஓம், அம்மாளிட்டைச் சொல்லிப்போட்டு மிச்சத்தை நீங்கள் பிடியுங்கோ." இவ்வளவுதான். சொன்னேன். பிள்ளையை விடு, என்னைப் பிடி.
பூமணி காது கொடுத்துக்கொண்டு பின்னால். "தேத்தண்ணி பிந்தினாலே சன்னதம் ஆடுவியள். உங்களாலை ஏலுமோ?"
"உன்னாலைதானடி எல்லாம்."

சனி.
தூறல். தேத்தண்ணி இல்லை. தலை விறைப்பு. எல்லாரிலும் கோபம். பூமணி பார்க்க வந்தாளாம், கையில் வடைப் பை. எனக்கு முன்னாலேயே கதிரையை இழுத்துப் போட்டுக் கடிக்கிறாள்.
குசினிக்குள் தர்சி, களிச் சட்டியோடு. "அம்மம்மா, போதும். வயிறு முட்டுது."
"போதாது. சட்டியை வழி."