ஆள் வந்து சேருமட்டும்

அண்ணை,

சவர்க்காரம் போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் இரும்பு வாசம் போகவில்லை. இன்று சனிக்கிழமை, காலையில் நல்ல பனிமூட்டம். கடற்கரைப் பூவரசில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்துவிட்டு வந்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் நீங்கள் வள்ளத்தால் இறங்கி வரும்போது உங்களிலும் இதே வாசம்தான் வரும். "குளிச்சிட்டுக் குசினிக்கை வா" என்று அம்மா கலைப்பா. நீங்களோ கையை என் மூக்கில் தேய்த்துவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போவீர்கள்.

எழுவைதீவில் பிறந்துவிட்டுக் காங்கேசன்துறைக்கு ரயில் கோச்சி திருத்தப் போன ஆள் நீங்கள். வலை பொத்துகிறவர்கள் எல்லோருக்கும் அது பெரிய பகிடி. "எங்கடை தீவுக்குக் கோச்சி எப்ப வருது?" என்று கேட்பார்கள். "பாலம் போட்ட உடனை" என்பீர்கள். அந்தப் பாலம் இன்னும்தான் வரவில்லை.

ஒருதரம் என்னையும் உங்கள் ஷெட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். பெரிய தகரக் கொட்டகை, கறுத்த நிலம், காதடைக்கும் சத்தம். சில்லுக் கழற்றிய எஞ்சின் ஒன்று, கரையில் ஏற்றிவைத்த வள்ளம் மாதிரிக் கட்டைகளின் மேல் இருந்தது. அதற்குக் கீழே பள்ளத்துக்குள் நின்று ஆட்கள் வேலை செய்தார்கள். நீங்கள் நீளப்பிடிச் சுத்தியலால் சில்லுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனீர்கள். "பாடிச்சுதெண்டால் முழுசு. ஊமைச் சத்தம் வந்தால் உள்ளுக்கை வெடிப்பு" என்று சொல்லி, ஒரு சில்லில் சோக்கட்டியால் கோடு கீறினீர்கள். "இனி இதுக்கு ஓட்டமில்லை." எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. "உனக்குக் காது தோடு போடத்தான்" என்று சிரித்தீர்கள். அன்றைக்கு வந்த கொதி இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

பிறகு ஒரு தை மாதம், நீங்கள் வந்த வள்ளம் பனியில் தீவைத் தவறவிட்டு கடலுக்குள் முருகைக் கல்லில் ஏறி, மத்தியானம் வரை அங்கேயே கிடந்தது. கோயில் மணிச் சத்தம் அவ்வளவு தூரம் எட்டவில்லை. அடுத்த கிழமை, ஷெட்டில் கழித்துப்போட்ட தண்டவாளத்தில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து வந்தீர்கள். பூவரசில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டு, அடிப்பதற்கு ஒரு பெரிய இரும்பு ஆணியை என் கையில் தந்தீர்கள். கரைக்குக் கிட்ட எங்கள் வீடு என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. பனி நாளில் மூன்று அடி, பிறகு ஓய்வு. அந்த ஓய்வில் காது கொடுக்க வேண்டும். வள்ளத்தில் இருப்பவர் "ஓ" என்று குரல் கொடுப்பார். "ஆள் வந்து சேருமட்டும் அடி. இடையிலை விடாதை" என்றீர்கள். ஊருக்கே அது வழக்கமாகிவிட்டது.

சண்டை வந்து கோச்சி நின்றது. ஷெட் பக்கம் இனி ஒருவரும் போக ஏலாது என்று கதை வந்தபோது நீங்கள் வெளிக்கிட்டீர்கள். அம்மா மறித்தும் கேட்கவில்லை. "சுத்தியலையும் உடுப்பையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வந்திடுவன்" என்றீர்கள். அந்தச் சனிக்கிழமை பனியே இல்லை, நல்ல வெயில். பின்னேரமாகியும் காணவில்லை என்றதும் நான் போய் அடிக்கத் தொடங்கினேன். ஊர் என்னை விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. ஷெட்டுக்குள் போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். திரும்பி வந்ததைக் கண்டவர்கள் இல்லை.

இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. தண்டவாளம் மட்டும் அதே கிளையில் தொங்கியது. அன்றிலிருந்து பனி விழுகிற சனிக்கிழமை ஒன்றையும் நான் விட்டதில்லை.

கோச்சி மறுபடி ஓடத் தொடங்கியதும் ஏறிப் போனேன். புது ஸ்டேசன், புதுப் பெயின்ற். "திருத்துற ஷெட் எங்கை தம்பி?" என்று ரிக்கற் கொடுக்கிற பிள்ளையிடம் கேட்டேன். "எந்த ஷெட் அம்மா?" என்றான். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். எருக்கலைப் பற்றை. பள்ளத்தைக்கூட மூடிவிட்டார்கள். குனிந்து மண்ணை அள்ளி மணந்து பார்த்தேன், வெறும் மண் வாசம். அவ்வளவு இரும்பும் அவ்வளவு ஆட்களும் இருந்த இடம் இப்படி ஆகுமென்றால், ஒரு தனி மனிதனை எங்கே போய்த் தேடுவது?

கார்த்திகையில் மரித்தோர் பூசைக்கு உங்கள் பெயரையும் வாசிக்கட்டுமா என்று ஃபாதர் ஒவ்வொரு வருஷமும் கேட்பார். நான் சம்மதித்ததில்லை. வாசித்துவிட்டால் பிறகு அடிப்பதற்கு எனக்கு என்ன நியாயம்? பக்கத்து வீட்டு யூட், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், சொந்த வள்ளம் வைத்திருக்கிறவன், அவனும் சொல்லிப் பார்த்தான். "போனிலை பாதை தெரியுது மாமி. இனி அடிக்காதேங்கோ, கை நோகும்." உன் போனில் என் அண்ணைக்குப் பாதை தெரியுமா என்று கேட்டேன். 

இன்று முதல் அடியே பாடவில்லை. ஊமைச் சத்தம். மறுபடி அடித்தேன், மரக்கட்டையில் அடித்ததுபோல இருந்தது. உப்புக்காற்று தின்று உள்ளுக்குள் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? மனதில் ஒரு ஆறுதல் வந்தது. இனி இதற்கு ஓட்டமில்லை என்று நீங்களே சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோக்கட்டி எடுத்து வந்து கோடு கீறக் கையைத் தூக்கினேன். அப்போதுதான் யூட் வந்தான்.

"என்ன மாமி செய்யிறியள்?"

"இது வெடிச்சுப் போச்சடா. பாடுதில்லை."

ஆணியை வாங்கி ஒரு அடி அடித்தான். எனக்கு ‘டொக்’ என்றது, அவ்வளவுதான். அவனோ விரலை உயர்த்தியபடி நின்றான். "நல்லாத்தானே இழுக்குது. இன்னும் கேக்குது மாமி... இன்னும்... இப்பதான் நிண்டது."

தண்டவாளத்தில் ஒரு பழுதும் இல்லை அண்ணை. என் காதுதான் போய்விட்டது. ரீவியைக் குறைக்கச் சொல்லி யூட்டின் மனிசி வேலிக்கு மேலால் கத்தியது, கடையில் நான் இரண்டாந்தரம் கேட்டது எல்லாம் அப்போதுதான் பிடிபட்டது. பிறகு பயம் பிடித்தது. எப்போதிருந்து எனக்குக் கேட்கவில்லை? போன தையிலா, அதற்கு முந்தின தையிலா? நீங்கள் பனிக்குள் நின்று குரல் கொடுத்து, நான் கேளாமல் ஆணியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால்?

யூட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் அடிக்கிறன். நீ போய் நிண்டு கேள்."

அவன் பகிடி பண்ணவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றான். மூன்று அடி அடித்தேன். ஓய்வு. பனிக்குள் அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

"ஒண்டும் கேக்கேல்லை மாமி."

இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில்தான். இன்னொரு ஆளின் வாயால் இன்றைக்குத்தான் கேட்டேன். ஆணியைக் கீழே வைத்தேன். அவன் கரைக்கு ஏறி வருவான் என்று நின்றேன். அவன் வரவில்லை. கடலைப் பார்த்தபடியே, எனக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னான்.

"இன்னொருக்கா அடியுங்கோ மாமி."

அடித்தேன், அண்ணை.