இன்னொரு ஆளிடம் கேட்டது

மார்ச் 2, ஞாயிறு

உறுதியான செய்தி: றொஷானி கொழும்பு வேலையை விடுகிறாள். சொன்னது: றொஷானியே, தொலைபேசியில், நான் காலைப் பூசை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்.

காப்புறுதிக் கம்பனியில் ஐந்தாவது வருடம். நிரந்தர வேலை. இனி முழு நேரமும் மேடையில் தனியாக நின்று கதை சொல்லி ஆட்களைச் சிரிக்க வைக்கப் போகிறாளாம். 'ஸ்டாண்ட்-அப்' என்கிறார்கள். சனி ஞாயிறுகளில் செய்து வந்தாள் என்பது தெரியும். பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

எங்கே, எப்போது, யாரோடு என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஏன் என்று கேட்டபோது மட்டும், "அப்பா, பேட்டி எடுக்காதேங்கோ" என்றாள்.

இருபத்தொன்பது வயது. இன்பமலர் இருந்திருந்தால் தாயும் மகளும் குசினியில் கதைத்து முடித்திருப்பார்கள். முடிவு மட்டும் எனக்கு வந்திருக்கும். இந்த மே மாதத்தோடு அவள் போய் நாலு வருடம்.

மார்ச் 3, திங்கள்

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து, நிருபராக நான் பத்திரிகைக்கு ஒரு வரிகூட அனுப்பியதில்லை. குச்சவெளியில் வள்ளம் கவிழ்ந்தது என்றால் பொலிஸிலும் கேட்பேன், கரையில் நின்றவனிடமும் கேட்பேன். முப்பது வருடத்துக்கு மேல் இதுதான் பழக்கம்.

காலையில் கம்பனிக்குக் கோல் எடுத்தேன். சுலோஜனா என்று ஒரு முகாமையாளர் பேசினார். பெயரைச் சொன்னேன், தகப்பன் என்றும் சொன்னேன். றொஷானி வேலையை விடுவது சரியோ என்று கேட்டேன்.

"எங்களுக்கு அப்பிடி ஒரு தகவலும் வரேல்லையே, ஐயா. நீங்கள் சொல்லித்தான் அறியிறம்."

நன்றி சொல்லி வைத்தேன். உறுதிப்படுத்த முடியவில்லை. பிள்ளை யோசனையில்தான் இருக்கிறாள், இன்னும் முடிவில்லை என்று நினைத்தேன். மத்தியானம் மீன் வாங்கிச் சமைத்தேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

"அப்பா, நீங்கள் எங்கட ஒபிசுக்கு எடுத்தனீங்களோ?"

ஓம் என்றேன்.

"நான் இன்னும் விலகிற கடிதம் குடுக்கேல்ல. ஜூன் வரைக்கும் நிண்டு, ரெண்டு மூண்டு நிகழ்ச்சி கையில வந்தாப் பிறகு குடுப்பம் எண்டு இருந்தனான். உங்களுக்கு மட்டும்தான் முதல் சொன்னனான்."

கம்பனியில் நேற்று மாலையே அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போக நினைக்கிற ஆளுக்கு வாடிக்கையாளர் விபரங்களைத் திறந்து வைக்க ஏலாது என்று சொல்லி, கம்பியூட்டரையும் வாசல் அட்டையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கடிதம் எழுதிக்கொடுக்க ஒரு கதிரை மட்டும் தந்தார்களாம்.

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். சரிபார்ப்பதுதானே என்று — என்ன விசர்க் கதை அது. சரிபார்க்கிறதுக்கு அவள் என்ன குச்சவெளி வள்ளமோ?

"சொந்த மகள் சொன்னதை இன்னொரு ஆளிட்டக் கேட்டுத்தான் நம்புவீங்களோ?"

வைத்துவிட்டாள்.

மார்ச் 5, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன், மூக்கு வரை கொட்டியிருந்தது. சொல்ல ஆளில்லை, அப்படியே சந்தைக்கும் போய் வந்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

றொஷானி போன் எடுக்கிறாள் இல்லை. நேற்றும் இல்லை.

தேர்தல் வேட்புமனுச் செய்திகள் இரண்டு அனுப்பினேன். பத்திரிகையின் கொழும்பு மேசையில் இருக்கிற தம்பி "கிடைத்தது" என்று ஒரு சொல் அனுப்பினான். இன்றைக்கு என்னோடு பேசியவர்கள் அவனும் பாண்காரனும்.

மாலை உட்துறைமுக வீதியால் நடந்தேன். ஒரு கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது. எங்கிருந்து வந்தது, என்ன ஏற்றுகிறது என்று விசாரிக்க வேண்டும் போல இருந்தது. விசாரிக்கவில்லை. திரும்பி வந்தபோது கேற்றடியில், ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு நின்று, பழைய பேப்பர் கட்டைச் சப்பிக்கொண்டிருந்தன. கலைக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்தவை அவைதான்.

மார்ச் 15, சனி

நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பிறகு முனாப் கஞ்சியோடு வந்தான். ஒரு காலத்தில் என்னோடு பத்திரிகைக்குப் படம் பிடித்தவன். இப்போது கிண்ணியாவில் கல்யாண வீட்டுக் கெமராக்காரன்.

"சூட்டோட குடிங்க, சிறில். ஆறினாக் களி. மகள் கோல் எடுக்கிறாவா?"

"இல்லை."

"அப்ப அவட மனேஜருக்கு அடிச்சிக் கேளுங்களன், ஏன் எடுக்கிறா இல்ல எண்டு."

கஞ்சி புரைக்கேறியது. முதுகில் தட்டிவிட்டு அவனே சிரித்தான். எனக்கும் கொஞ்சம் வந்தது.

பிறகு அவனிடம் கேட்டேன்: தகப்பனின் அரிசி ஆலை இருக்க, நீ ஏன் கெமராவைத் தூக்கினாய்?

"ஆலைக்குள்ள நிண்டா தலை, புருவம் எல்லாம் தவிடு. முதலாளியும் மூட்டை தூக்கிறவரும் ஒரே ஆள் மாதிரி இரிப்பாங்க. எனக்கு ஆக்கள ஆளாளாப் பார்க்கணும் எண்டு ஒரு ஆசை." உடனே தலையை ஆட்டினான். "பொய். கல்யாண வீட்டில கெமராக்காரனுக்குத்தான் முதல் சாப்பாடு."

எது உண்மை என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றான். "நீங்க என்னத்துக்கு நிருபரானீங்க? உங்கட வாப்பா துறைமுகத்தில எடுத்துக் குடுத்த வேலைய விட்டுத்தானே?"

கோப்பையைக் கழுவப் போனேன்.

அவன் போனபின் எழுதுகிறேன். எனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் ஒரு தொழிலாளி பாதையில் இருந்து விழுந்து இறந்தார். பாதை என்று நாங்கள் சொல்வது சரக்கு ஏற்றுகிற தட்டைப் படகை. நான் அப்போது எழுதுவினைஞன். அதே இறங்குதுறையில் நின்றேன். அடுத்த நாள் பேப்பரில் வேறு ஒருவரின் பெயர். உயிரோடு இருந்த அந்த மனிதனின் மனைவி திரியாயிலிருந்து கத்திக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். புருஷன் துறைமுக வாசலில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. போட்டு அடித்தாள்.

அன்றைக்குத்தான் தீர்மானித்தேன் என்று நினைக்கிறேன். என் தகப்பனார் ஏன் என்று கேட்கவில்லை, ஒரு மாதம் பேசவில்லை. இன்பமலரும் கேட்டதில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. வீட்டில் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வியை நான் பிள்ளையிடம் தொலைபேசியில், சப்பாத்தோடு நின்று கேட்டிருக்கிறேன்.

மார்ச் 22, சனி

முனாப் என் போனில் றொஷானியின் வீடியோ ஒன்றைப் போட்டுத் தந்திருந்தான். பார்த்தேன். மரண உதவிக் காப்புறுதி விற்கப் போய், வீட்டுக்காரக் கிழவரோடு அவளும் சேர்ந்து இருந்து அழுத கதை. சபை நன்றாகச் சிரிக்கிறது. இவள் சிரிக்கவில்லை. கையை இடுப்பில் வைத்துக் காத்திருக்கிறாள். அந்த நிற்பு இன்பமலரின் நிற்பு.

செய்தி அனுப்பினேன்: "பார்த்தேன். நன்று. தொடக்க வசனம் நீளம். கிழவரின் ஊரைச் சொல்லவில்லை."

அனுப்பிய பிறகுதான் வாசித்தேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக்கோடு வந்தது. பதில் இல்லை. சரிதான்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். கிண்ணியாவில் முனாப் வீட்டில் பகல் சாப்பாடு. அவனுடைய பேரப்பிள்ளைகளின் சத்தத்தில் பேசவே முடியவில்லை. நல்ல சத்தம்.

புறப்படும்போது ஒரு நோட்டீஸ் காட்டினான். ஏப்ரல் 26, சனி, மாலை ஆறு மணி, எங்கள் டச் பே கடற்கரைப் பக்கம் உள்ள மண்டபம். நாலு பேரின் படம். மூன்றாவது றொஷானி.

"அமைப்பாளர்ர நம்பர் கீழ இரிக்கு. அடிச்சிக் கேட்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை ஒரு படம் பிடித்திருக்கலாம்.

அவளுடைய சொந்த ஊரில் நிகழ்ச்சி. எனக்கு அவள் சொல்லவில்லை. இதுவும் ஒரு செய்திதான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போனேன். வெயில். பிறகு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

"உயிர்ப்பு விழா வாழ்த்துக்கள் அப்பா." காலைப் பூசைக்கு முன் வந்தது. எல்லோருக்கும் ஒரே தரத்தில் அனுப்பியதாக இருக்கலாம். இல்லை — 'அப்பா' என்று இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி அனுப்ப ஏலாது.

"உனக்கும் பிள்ளை" என்று அனுப்பினேன். திருத்தம் ஒன்றும் சேர்க்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்றுப் போனேன். முனாபும் நானும் கடைசி வரிசை. முன்னால் எல்லாம் இளம் ஆட்கள். என்னைத் தெரிந்த ஒருவரும் இல்லை.

முதல் இரண்டு பேரும் செய்தது பாதி விளங்கவில்லை. மூன்றாவது அவள். மைக்கைக் கழற்றிக்கொண்டு நேராகத் தொடங்கினாள்:

"என்ர அப்பா இந்த ஊரில நிருபர். நான் பிறந்ததையே ரெண்டு நேர்சிட்டக் கேட்டுத்தான் நம்பினவர். முதல் நேர்ஸ் வந்து, ஐயா, பொம்பிளைப் பிள்ளை எண்டாவாம். அப்பா சொன்னாராம், நன்றி, உங்கட பேரைப் போடலாமோ?"

மண்டபம் சிரித்தது. முனாப் என் தொடையில் அடித்தான். உண்மையில் அப்படி நடக்கவில்லை, ஒரு நேர்ஸ்தான். ஆனால் கேட்டிருப்பேன்.

பிறகு கம்பனிக் கதை. சுலோஜனாவின் குரல், என் குரல், இரண்டையும் செய்தாள். என் குரலில் பேசும்போது நாடியை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். நான் அப்படிச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது. "அப்பா எழுதின செய்தியால வேலை போன பெரிய ஆக்கள் இருக்கினம். அப்பா எடுத்த கோலால வேலை போன ஒரே ஆள் நான்." எனக்குக் காது சுட்டது. எழுந்து போக நினைத்தேன். முனாப் நடுவில் காலை நீட்டி இருந்தான்.

கடைசிப் பகுதியை அப்படியே எழுத முயற்சிக்கிறேன்.

சண்டை நடந்த காலம், அவளுக்குப் பத்து வயது. நான் பின்னேரங்களில் முன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குத் தொலைபேசியில் பெயர்கள் சொல்வேன். வயது, ஊர், இறந்த இடம். எழுத்து எழுத்தாக, இரண்டு தரம். அந்த நேரம் வீட்டில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. தாயும் மகளும் குசினிக்குள்.

"நான் அகப்பையை ரிசீவர் மாதிரிப் பிடிச்சு, அப்பாவைப் போல மெதுவா அம்மாவுக்குச் செய்தி சொல்லுவன். இன்று மாலை திருகோணமலை நகரில் பருப்பு ஒன்று அடிப்பிடித்தது. சம்பவத்தை அம்மா உறுதிப்படுத்தினார். பொரித்த மீன் கருத்துக் கூற மறுத்துவிட்டது. அம்மா சிரிக்கிறது அப்பாவுக்குக் கேட்கக் கூடாது எண்டு சீலைத் தலைப்பை வாய்க்குள்ள வச்சுக்கொண்டு சிரிப்பா. கண்ணால தண்ணி வரும். எனக்கு அண்டைக்கே தெரியும், எனக்கு வேற வேலை ஒண்டும் சரிவராது எண்டு."

சபை பருப்புக்குச் சிரித்தது. சீலைத் தலைப்புக்குச் சிலர்தான் சிரித்தார்கள். அவள் இடுப்பில் கையை வைத்துக் காத்திருந்தாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் அந்தச் சிரிப்பை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பிறகு நான் கதவைத் திறக்க, இன்பமலர் தேத்தண்ணி கொண்டுவரும்போது கண் சிவந்திருக்கும். நான் சொன்ன பெயர்களைக் கேட்டு அழுதிருக்கிறாள் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

இதைச் சரிபார்க்க இன்னொரு ஆள் இல்லை. இருந்தவள் இல்லை. ஒருவர் சொன்னதுதான். நான் நம்புகிறேன்.

முடிந்த பிறகு வாசலில் நின்றேன். வெளியே வந்தவள் என்னைக் கண்டு நின்றாள்.

"வந்தனீங்களோ. ஆர் சொன்னது?"

"நோட்டீஸ் பார்த்தனான்."

"ஒரு நோட்டீஸ் மட்டுமோ?"

"ஒண்டே ஒண்டுதான், பிள்ளை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள், அடக்க ஏலவில்லை. சீலை இல்லை, கையால் வாயைப் பொத்தினாள்.

"அந்தத் தொடக்க வசனம் நீளமோ?"

"இல்லை. சரியா இருந்தது."

அடுத்த நிகழ்ச்சிக்காக மட்டக்களப்புக்குப் போகிற வான் ஹோர்ன் அடித்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ என்று சொல்ல நினைத்தேன். புட்டும் கறியும் வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். அதற்குள் நாலு பேரும் ஏறிவிட்டார்கள். கண்ணாடியை இறக்கினாள். அம்மாவின் ஆண்டுப் பூசைக்கு வருவியோ என்று கேட்டேன்.

"பாப்பம், அப்பா."

முனாப் என்னை இறக்கிவிட்டுப் போனான். இரண்டு பேருக்கு வைத்ததை ஒருவர் சாப்பிட்டேன், மிச்சத்தைக் காலையிலும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

தேர்தல் செய்தி ஒன்று அனுப்பினேன். மழை இல்லை. நங்கூரத்தில் நின்ற கப்பல் போய்விட்டது.

முன் அறைக் கதவின் பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்து, கதவைச் சுவரோடு தள்ளிக் கல் வைத்திருக்கிறேன். இங்கே கதிரையில் இருந்தால் குசினி தெரிகிறது.

முடிவு தெரியாமல் இருப்பது ஒன்று. மே 17, சனி, காலை ஆறரை, இன்பமலரின் ஆண்டுப் பூசை. 'பாப்பம்' என்ற ஒரு சொல்லைக் கொண்டு றொஷானி வருகிறாள் என்று எழுத ஏலாது. அவளோடு போன மற்றவர்களின் நம்பர் முனாபிடம் இருக்கிறது. கேட்டுச் சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். கொழும்பில் வெள்ளி இரவு ஏறினால், விடிய, பூசைக்கு முன், பஸ் இங்கே வந்துவிடும்.