பத்து-பதினொன்று ஸ்பேனர்

செப். 21, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். மேகம் வருவதும் பெய்யாமல் போவதுமாக இருக்கிறது. இரண்டு சட்டை நனைந்தாயிற்று.

காந்தி வீதி சண்டே மார்க்கெட். ஸ்டெல்லா வாங்கி வரச் சொன்னது: அமலிக்கு ஸ்வெட்டர், பெட்டிக்குப் பூட்டு. நான் வாங்கி வந்தது: டயரில் காற்று அளக்கும் கேஜ், ஆயில் ஊற்றப் புனல், கம்பி பிரஷ். எல்லாம் அடிமாட்டு விலை. பூட்டு அடியோடு மறந்துவிட்டது.

"ஊர விட்டுப் போற பொண்ணுக்குக் குளிர்ல கம்பி பிரஷ்ஷ போத்தி விடுவீங்களா?" என்றாள் ஸ்டெல்லா. கேஜை எடுத்துக்கொண்டு கார்ப் பக்கம் போனேன்.

கேஜ் நல்ல சாமான். பின்பக்கம் இடது டயரில் காற்று பாதிதான். எத்தனை நாளாக இப்படி ஓட்டினேனோ.

அமலிக்கு அக்டோபர் முதல் தேதி இரவு சென்னையில் ஃபிளைட். பிரான்சில் லியோன் நகரில் மேல்படிப்பு, இரண்டு வருடம். விசாவை இழுஇழு என்று இழுத்து, வகுப்பு தொடங்கிய பிறகுதான் கொடுத்தார்கள். சென்னை வரை நான்தான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். வண்டிக்குப் பதினாலு வயது. அவள் ஓட்டப் பழகியதும் இதில்தான். டாக்சியில் போனால் முன்னால் ஒருவன் உட்கார்ந்திருப்பான், வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். எனக்கு அந்த மூன்று மணி நேரம் வேண்டும். அவ்வளவுதான். இது யாருக்கும் புரியவில்லை.

ஸ்டெல்லாவின் அண்ணன் போன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எச்சரிக்கை என்றால் பிரெஞ்சில்தான் வரும். "அத்தான்சியோன் மாப்ளே! வண்டி நின்னா ஃபிளைட்டு நிக்காது." போனை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஸ்டெல்லாவின் தீர்ப்பும் வந்தாயிற்று. புதன்கிழமை மத்தியானம் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் டாக்சி.

செப். 23, செவ்வாய்

வெயில். பள்ளியில் லேப் சாமான் கணக்கெடுப்பு. தூசி, தும்மல்.

சாயங்காலம் காற்று பிடிக்கலாம் என்று பார்த்தால் பம்பு இல்லை. எங்கே போகும், முருகையனிடம்தான். அடுத்த வீடு. குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான், விடியலில் வைத்திக்குப்பத்துக்கு ஐஸ் லோடு. நல்லவன். ஆனால் நான் ஒரு சாமான் வாங்கினால் பாலிதீன் கவர் பிரிக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டுவிடும்.

"அண்ணே, பம்ப எடுத்தேன், சொல்ல மறந்துட்டேன்."

"எப்ப எடுத்தே?"

"பிள்ளையார் சதுர்த்திக்கு."

தலையில் அடித்துக்கொண்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேபிளும் எங்கிட்டதான்ணே இருக்குது," என்றான். பேட்டரி இறங்கினால் இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கிற கேபிள். அதைத் தேடித்தான் போன மாதம் வீட்டையே புரட்டினேன்.

எனக்கு நானே எழுதிக்கொள்வது: நாற்பது சாமான் ஒரே பெட்டியில் என்று விற்கிறதை இனி வாங்கக் கூடாது. பிளாஸ்டிக் பெட்டி மட்டும்தான் கெட்டி. வாங்கிய மூன்றாம் நாளே பாதி சாமான் தேய்ந்து வழுவழு. உருப்படியானவை: தனித்தனி ஸ்பேனர் (6-7 முதல் 20-22 வரை), கட்டிங் பிளேயர், நீளக் கைப்பிடி வீல் ஸ்பேனர், சிகரெட் லைட்டரில் செருகுகிற பம்பு, பழைய பல் பிரஷ். பல் பிரஷ்தான் இருப்பதிலேயே சிறந்தது, காசும் இல்லை. இவ்வளவு இருந்தால் பாதி வேலைக்கு மெக்கானிக் வாசலில் நிற்க வேண்டாம். இவ்வளவும் நம் வீட்டில் இருந்தால்.

செப். 25, வியாழன்

பம்பு இன்னும் வரவில்லை, பங்கில் காற்று பிடித்துக்கொண்டு கருவடிக்குப்பம் வரை ஓட்டிப் பார்த்தேன், அக்கா வீட்டுக்கு. போகும்போது முதல் சாவியில் ஸ்டார்ட். திரும்பும்போது மூன்றாவதில். அக்கா வாசலில் நின்றுகொண்டு, "அத வித்துத் தொலையேண்டா," என்றாள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

பானட்டைத் திறந்தால் பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி பூத்துக் கிடக்கிறது. அதுதான் விஷயம். வேறொன்றும் இல்லை. சுத்தம் செய்தால் சரியாகிவிடும்.

ஸ்வெட்டர் வாங்கியாயிற்று. சிறிதாம். மாற்ற வேண்டும்.

செப். 28, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வண்டி வேலை. அமலியும் வந்தாள். பத்தாவது படிக்கும்போதிருந்து அவள்தான் எனக்கு சாமான் எடுத்துக் கொடுப்பவள். நான் கையை நீட்டினால் போதும், நம்பர் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் கையை நீட்டினேன், பத்து-பதினொன்று வந்து விழுந்தது. பேட்டரி முனையைக் கழற்றினேன். அவள் வெந்நீர் ஊற்றி பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். பொடி எல்லாம் போய்ப் பளபளவென்று ஆகிவிட்டது.

திரும்ப மாட்டி, நட்டைக் கையால் திருகிய நேரம், உள்ளேயிருந்து ஸ்டெல்லா. "எட போடணும், ரெண்டு பேரும் வாங்க. இப்ப வாங்க!" சரி, இறுக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனேன். அமலி சாமான்களை அள்ளிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள்.

பெட்டி எடை கூடுதல். ரகளை. கருவாடு வெளியே. ஊறுகாய் ஒரு பாட்டில் வெளியே. அப்புறம் அதே பாட்டில் உள்ளே. இட்லிப் பொடி கைப்பையில். மறுபடி தூக்கிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. "இன்னாடி வெச்சிருக்கே உள்ள?" என்று ஸ்டெல்லா கேட்டால் அமலி சிரிக்கிறாள். வேலை எல்லாம் நின்று, மத்தியானச் சோறு நாலு மணிக்கு.

செப். 30, செவ்வாய்

தூறல். நேற்று பள்ளியில் பரீட்சை வேலை, வண்டிப் பக்கம் போகவே முடியவில்லை. இன்று வந்ததும் நட்டை இறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வாசலில் முருகையன்.

"அண்ணே, சைலன்சர் ஆடுது. நாளைக்கு வண்டிக்குப் பூஜ போடணும், இப்பிடி கடகடன்னு வெச்சிக்கினு எப்பிடிப் போடறது? பெட்டியக் குடுங்கண்ணே, சாய்ங்காலம் குடுத்துடறேன்."

கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ராத்திரி வரை பெட்டி வரவில்லை. காலையில் வாங்கிக்கொள்ளலாம்.

அக். 1, புதன். ஆயுத பூஜை

வெயில் கொளுத்துகிறது. மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். அமலி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அத்தையிடம் சொல்லிவிட்டு வர கருவடிக்குப்பம் போயிருந்தாள்.

சாவியைத் திருப்பினேன். டிக். டிக். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நட்டு. கையால் திருகியதோடு விட்ட நட்டு. ஒரு நிமிட வேலை, பத்து-பதினொன்று கையில் இருந்தால்.

முருகையன் வீட்டுக்குப் போனேன். நடுக்கூடத்தில் வாழைக்கன்று, பொரி, கடலை, சுண்டல். சாமி படத்துக்குக் கீழே பலகை, பலகை மேல் சிவப்புத் துணி, துணி மேல் வரிசையாக என் ஸ்பேனர்கள். ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். பம்புக்குப் பூ வைத்திருந்தார்கள். கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை.

முருகையன் தலையைச் சொறிந்தான். அவன் மனைவி கலாதான் பேசினாள். "இவரு இன்னும் குடுக்கலன்னு எனக்குத் தெரியாதுண்ணே. எல்லாத்தையும் கழுவி வெச்சிட்டேன். நாளைக்குக் காலம்பர மறுபூஜ போட்டுட்டு மொதோ ஆளா ஒங்களுக்குத் தந்துடறேன்."

"எனக்கு இப்ப வேணும்மா."

"வெச்சத எடுக்கக் கூடாதுண்ணே."

கத்திவிட்டேன். "எஞ் சாமான எங்கிட்ட கேக்காம ஒங்க சாமிக்கு எப்பிடி வெப்பீங்க? நான் வேதக்காரன்!"

"ஸ்பேனருக்கு இன்னாண்ணே தெரியும்," என்றாள்.

வெளியே ஓடினேன். முத்தியால்பேட்டை முழுக்க ஒர்க்‌ஷாப் ஷட்டர் பாதி இறக்கம், உள்ளே இதே கதை. ஊரில் உள்ள ஸ்பேனர் பூராவும் சாமி முன்னால் படுத்திருக்கிறது. ஹார்டுவேர் கடையில் புதிது கேட்டேன். "கல்லாவுக்குப் பூஜ போட்டாச்சி சார். இனிமே நாளைக்குத்தான் போணி." திரும்பி வந்தால் ஸ்டெல்லா வாசலில் நின்று டாக்சிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுபடி கலாவிடம் போனேன். இந்த முறை கத்தவில்லை, கத்தத் தெம்பில்லை. "அமலிய நான்தாம்மா கொண்டு போயி விடணும்," என்றேன்.

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "போன வருஷம் பாதியில எடுத்தோம்ணே. ரெண்டே மாசத்துல இவரு கால ஒடச்சிக்கினாரு. அந்தப் பயம்தான்," என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கற்பூரம் ஏற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "புள்ள பயணம் போவுது, மன்னிச்சிக்கோ," என்று சாமியிடம் சத்தமாகவே சொன்னாள். துணியோடு அள்ளி என் கையில் கொடுத்தாள்.

6-7 இருந்தது. 8-9 இருந்தது. 12-13 இருந்தது. பத்து-பதினொன்று இல்லை.

எல்லாம் இருக்கிறது, எனக்கு வேண்டியது மட்டும் இல்லை! எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. "வித்துட்டியாடா?" என்று கேட்டேன். தெருவே கேட்டிருக்கும். முருகையன் முகம் சுண்டிப்போயிற்று. "நான் அத பாக்கவே இல்லண்ணே," என்றான். பிளேயரை எடுத்துக்கொண்டு போய், நட்டைக் கவ்விப் பிடித்துத் திருகினான். பிளேயர் வழுக்கிக் கட்டை விரல் கிழிந்தது. ரத்தத்தோடு திருகினான்.

சாவி போட்டேன். ஒரே சாவி. ஸ்டெல்லா டாக்சியை வேண்டாம் என்று சொன்னாள். நான் முருகையனிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியைப் பின்னால் எடுத்தேன்.

அக். 2, வியாழன்

உடம்பெல்லாம் வலி. வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஸ்டெல்லா காலையில் மூன்று டம்ளர் காபி கலந்தாள்.

நேற்றைய பயணம். அமலி முன் சீட்டில், ஸ்டெல்லா பின்னால், பெட்டிகளோடு. வண்டி நன்றாக ஓடியது. நான்தான் ஓயவில்லை. கேட்டால் கொடுக்காத பம்பு, கேபிள், இப்போது தொலைத்துவிட்ட ஸ்பேனர் என்று முத்தியால்பேட்டையில் ஆரம்பித்து திண்டிவனம் வரை முருகையன் புராணம். அமலி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கட்டத்தில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அப்போதுதான் வாயை மூடினேன். அதற்கப்புறம் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. டீ குடித்தோம். டீ கேவலமாக இருந்தது.

ஏர்போர்ட்டில் நிற்க விடுவதில்லை. ஒருவன் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறான். பெட்டியை இறக்கி, டிராலி தேடி, கட்டிப்பிடிப்பதற்குள் இன்னொரு விசில். "போய்ட்டு வரேம்ப்பா. வண்டியப் பாத்து ஓட்டு." போய்விட்டாள்.

அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். அதில் ஒரு மணி நேரத்தை ஒரு ஸ்பேனருக்குக் கொடுத்தேன். என்னை என்ன சொல்வது.

மத்தியானம் முருகையன் பெட்டியோடு வந்தான். பம்பு, கேபிள், எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு. கூடவே ஒரு பொட்டலம் பொரி. கட்டை விரலில் துணி கட்டு. "பத்து-பதினொண்ணு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்," என்றேன். சாயங்காலம் பார்த்தால் குட்டியானைக்கு அடியில் டார்ச்சோடு படுத்துத் தேடுகிறான். கலா வாசல் கால்வாயைக் குச்சியால் கிளறுகிறாள். தேடட்டும்.

அமலி போய்ச் சேர்ந்துவிட்டாள். குளிராம். ஸ்வெட்டர் சரியாக இருக்கிறதாம்.

அக். 3, வெள்ளி

நல்ல மழை. பள்ளியிலிருந்து நனைந்து வந்தேன். கேட்டில் ஒரு கவர் மாட்டியிருந்தது. உள்ளே புது ஸ்பேனர், பத்து-பதினொன்று. நல்ல ஸ்டீல், என்னுடையதைவிட உசத்தி. ஆள் இல்லை, பேச்சும் இல்லை.

வாங்கிக் கொடுத்தான் என்றால் தொலைத்தான் என்றுதானே அர்த்தம்? ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "சின்னப் புள்ளையா நீங்க," என்று எழுந்து போய்விட்டாள். பெட்டியில் வைத்தேன். மனசு என்னவோ போல இருக்கிறது. மழையாக இருக்கும்.

அக். 4, சனி

மழை விட்டுவிட்டது. காலையில் அமலியின் போட்டோ. சின்ன அறை. கட்டில் துண்டு துண்டாக வந்ததாம், அவளே மாட்டியிருக்கிறாள். ஜன்னல் கட்டையில் ஒரு ஸ்பேனர். பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடியில் நான் சுற்றிய பச்சை டேப்.

கீழே எழுதியிருந்தாள்: "திட்டாதப்பா. அன்னிக்கி எட போடும்போது பெட்டியில வெச்சிட்டேன். ஏதாவது ஒண்ணு எடுத்துட்டு வரணும்னு தோணுச்சு. கார்ல சொல்லலாம்னு பாத்தேன், நீ திண்டிவனம் வரைக்கும் திட்டிக்கினே வந்தே, சிரிப்ப அடக்கவே முடியல. சொல்லியிருந்தா ரோட்டோரம் நிறுத்தி பெட்டியத் திறந்திருப்பே."

திறந்துதான் இருப்பேன்.

ஸ்டெல்லா படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

புது ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். கலா குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். முருகையன் கட்டு விரலோடு வண்டி கழுவிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டான். கலாவுக்கு என் கையில் இருந்த ஸ்பேனர் தெரிந்துவிட்டது, தொலைந்ததுதான் என்று நினைத்துவிட்டாள். அவள் முகம் மலர்ந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"கெடச்சிடுச்சாண்ணே? எங்க இருந்துச்சி?"

புது ஸ்பேனரை முருகையன் பக்கம் நீட்டினேன்.

"பிரான்சுல," என்றேன்.