இறந்தவனுக்கு வந்த கேப்டன் பதவி

என் அருமைச் சந்துருவுக்கு,

உனக்குக் கேப்டன் பதவி வந்துவிட்டது. சிரிக்காதே, நிஜமாகத்தான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிற நேரத்தில், விமானக் கேப்டன் பயிற்சிக்கு உடனே வந்து சேரச்சொல்லி கம்பெனி உன் வீட்டுக்கே கடிதம் அனுப்பியிருக்கிறது. உனக்கு மலர்வளையம் வைத்த அதே கம்பெனிதான்!

உன் கலா போன் செய்தாள். "அண்ணா, இவரைக் கேப்டன் ஆக்கிட்டாங்களாம். கொஞ்சம் வந்து பாருங்க." தொம்மலூர் வீட்டுக்கு நான் போனபோது, கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வயதில் நீ கொஞ்சம் மூத்தவன் என்பதால் சீனியாரிட்டியில் நீ முன்னால், நான் பின்னால். கம்பெனி வேனில் ஏறும்போதுகூட என்னைத் தள்ளி நிறுத்தி, "சீனியர் முதல்ல, தம்பி" என்பாயே, படுபாவி.

அந்த வரிசையை நம்பித்தானே துணை விமானிக்கான வலது பக்க இருக்கையிலேயே தலை நரைத்தோம்? "இந்த வருஷம் கண்டிப்பா" என்று வருஷா வருஷம் சொன்னார்கள். நாமும் தலையாட்டினோம்.

மறுநாளே ஆபரேஷன்ஸ் மேனேஜரிடம் போய்க் கத்தினேன். அதற்குள் அந்த இடத்தை வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஒரு கேப்டனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

"ஏனு மாடோது சார், என்ன பண்றது? கூப்பிட்டோம், சீனியர் வரலை."

"செத்துப்போனவன் எப்படி சார் வருவான்?"

"லிஸ்ட்ல இருக்காரே! சீனியாரிட்டிய மதிக்கணும்னு நீங்கதானே சண்டை போட்டீங்க?"

மறந்துதான் போனார்களா, இல்லை வேண்டுமென்றே உன் பெயரை விட்டு வைத்தார்களா? ஒப்பந்தத்தில் வந்தவன் சீனியாரிட்டி கேட்கமாட்டான், சங்கத்தில் சேரமாட்டான். இன்றைக்கு என்ன தேதி என்று இவர்கள் சொன்னால்கூட நான் காலண்டரைப் பார்த்துத்தான் நம்புகிறேன்.

இன்னொன்றும் சொன்னார் அந்த மனிதர். அடுத்த இடத்தில் இருப்பவர் எழுதிக் கொடுத்தால்தான் உன் பெயரை எடுப்பார்களாம். அடுத்த இடத்தில் இருப்பவன் நான்தானே, சந்துரு? உன் பெயரை அடித்துவிட்டு என்னை மேலே ஏற்று என்று நானே எழுத வேண்டுமாம். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இதற்கிடையில் இன்னொரு கேப்டன் இடம் காலியாகியிருக்கிறது. இப்படியே இருந்தால் அதற்கும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கலாவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எழுதிக் குடுங்கண்ணா. அவர் பேரை வெச்சே உங்களை ஏமாத்தறாங்க. அவர் இருந்தா சும்மா விடுவாரா?"

விடமாட்டாய். மேஜையைத் தட்டியிருப்பாய். உனக்காக நான் தட்டுகிறேன்.

நாளைக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். பதில் வரும்வரை அந்த மேனேஜரின் அறை வாசலை விட்டு நகரமாட்டேன். ஆனால் ஒரு சத்தியம். கேப்டனாக நான் வேலைக்குப் போகும் முதல் நாள், வேன் கதவு திறந்ததும் ஒரு நிமிஷம் ஒதுங்கி நிற்பேன். பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். நீ ஏறிக்கொள். அப்புறம் நான் ஏறுகிறேன்.

எந்தப் பட்டியலிலும் உனக்குப் பின்னால் நிற்கும் தம்பி,
முரளி