வெளிச்ச சபைக்காரி

பாலகாட் சுரங்க லைன்
12-3-1961

அன்புள்ள மாமாவுக்கு, பாப்பம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அணைக்கட்டுக் குளிர் உங்களுக்கு ஒத்துக்கிச்சா? தலைவலி தேவலையா?

இது வழக்கம்போல் பக்கத்து வீட்டு லீலா எழுதித் தந்த கடிதம் இல்லை, என் கையெழுத்து. சிரிக்காதீங்க. தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்து, அடி லெவலில் மாட்டி உயிரோடு வந்தாரே கிளாரன்ஸ், அவர் வெளிச்ச சபை ஆரம்பித்திருக்கிறார். இருட்டில் ஒரு வெளிச்சம் அவரோடு பேசியதாம். சபைக்காரர் மேல் இனி கல் விழாதாம். சாயங்காலம் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். பூதிகோட்டையிலிருந்தும் வண்டி கட்டி வருகிறார்கள். பாட்டு எடுத்துக் கொடுப்பது நான்தான்!

உங்கள்
பாப்பம்மா

லிங்கனமக்கி கேம்ப்
2-4-1961

அன்புள்ள பாப்பம்மாவுக்கு,

என் தலைவலிக்கு ஒரு வரி. அவனுக்கு ஒரு பக்கம். எழுத்துச் சொல்லித் தரும்போது கையைப் பிடிப்பானா? கல்யாணமான நாளிலிருந்து என் எதிரே நீ பாடியதே இல்லை. லீவில் ஊருக்கு வந்துபோன என் கேம்ப் கூட்டாளி ராஜு, நீ சபையில் வெள்ளைப் புடவையில் முன்னால் நிற்பதைப் பார்த்தானாம். "அண்ணி லட்சணமா இருந்தாங்க" என்றான். அன்றைக்கு அவனோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

தங்கவேலு

பாலகாட்
20-8-1961

அன்புள்ள மாமாவுக்கு,

அவர் பிடித்தது பலகையை, கையை இல்லை. நீங்க என்னைப் பாடச் சொன்னதே இல்லையே. இப்போது பங்காருபேட்டையிலும் கொட்டகை போட்டாச்சு. ஒரு தடவை வாங்க. பின்னாடி உட்கார்ந்து கேட்டுட்டுப் போங்க.

பாப்பம்மா

லிங்கனமக்கி
5-9-1961

பாப்பம்மாவுக்கு,

வரமாட்டேன். ஊரே பார்க்கிற உன்னை நானும் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கணுமா? உன் அண்ணன் பெரியசாமிக்கு எழுதிவிட்டேன். அவனோடு உனக்கு ஒன்றுமில்லை என்று மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணு. அதுவரைக்கும் எனக்குப் பெண்டாட்டி இல்லை.

தங்கவேலு

லிங்கனமக்கி
18-11-1962

என் அன்பான பாப்பம்மாவுக்கு,

நீ பதில் போடாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாறை வெடித்துச் சபைக்காரர் இரண்டு பேர் செத்ததையும், ஜனங்கள் கொட்டகையைப் பிரித்துப் போட்டதையும், கிளாரன்ஸ் ரயிலேறிப் போனதையும் ராஜு சொன்னான். செத்தவர்களுக்காக மனசு கஷ்டப்பட்டது. அவன் ஓடியதில் சந்தோஷம்தான், மறைக்கமாட்டேன். சத்தியமெல்லாம் வேண்டாம். உன்னை மன்னித்துவிட்டேன். புறப்பட்டு வா.

உன்
தங்கவேலு

பாலகாட்
2-12-1962

தங்கவேலு அவர்களுக்கு,

செத்தவரில் ஒருவர், சபையில் என்னோடு எழுத்துப் படித்த டெய்சியின் வீட்டுக்காரர். அவர் ஷிப்டுக்குப் போகுமுன் "கல் விழாது" என்று முன்னால் நின்று பாடியது நான். டெய்சி வீட்டு வாசலில் போய் நின்றேன். "இன்னாத்துக்கு வந்தே? பாடு, இப்போ பாடு" என்றாள். அவள் காலில் விழுந்தேன். கடைசியில், "குழந்தையைத் தூக்கு, அழுவுது" என்றாள்.

கிளாரன்ஸ் சொன்னது பொய். நம்பினது என் தப்பு. அதற்கு மன்னிப்புத் தரவேண்டியவள் டெய்சி. நீங்க எதை மன்னித்தீங்க? சபை பொய்யானதால் என்னைப் பற்றி நீங்க நினைத்தது நிஜமாகிவிடுமா?

டெய்சியோடுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. லீவில் வந்தால் அண்ணன் வீட்டில் தங்கிக்கொள்ளுங்க. என்னிடம் கேட்க இன்னும் ஏதாவது இருந்தால் இங்கே வந்து, டெய்சி எதிரே கேளுங்க.

பாப்பம்மா