அக்காவும் பல் டாக்டர் வீட்டுப் பெட்டியும்

ஜூன் 3, செவ்வாய்

கடையில் காலையிலேயே சண்டை. நேற்று மூக்குக்கண்ணாடி வாங்கிப் போன ஒரு அம்மாவுக்குத் தரை பள்ளமாகத் தெரிகிறதாம். லென்ஸை அறுத்து ஃபிரேமில் பொருத்தியது நான்தான். இரண்டு முறை சரிபார்த்தேன், பிழை இல்லை. "ரெண்டு நாள்ல பழகிடும்மா" என்று அனுப்பிவைத்தேன்.

மதியம் ஒரு ஃபோன். யாரோ பல் டாக்டர், வயதான குரல். பழைய சாமான் கடைக்காரர் என் நம்பரைக் கொடுத்தாராம். "மர கேமரா. அடிப்பலகையில ஒரு இலை செதுக்கியிருக்கு. நீங்க தேடுறது இதுதானாம்மா?"

அதேதான். நாற்காலி செய்கிற ஒரு தச்சர், தன் கையாலேயே ஒவ்வொன்றாகச் செய்த மடக்குக் கேமராக்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது, அந்த இலை மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி. அதற்காக எத்தனை ஊர், எத்தனை ஏமாற்றம்! ஒருமுறை மழையில் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தால், ஆணியடித்த சாராயப் பெட்டி.

டாக்டர் விற்க மாட்டாராம். "பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை வாங்க."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "கிடைச்சுட்டாரா உன் மாப்பிள்ளை?" என்றாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. "ஜன்னலைத் தெறடி."

எல்லா ஜன்னலும் திறந்துதான் இருந்தது.

ஜூன் 5, வியாழன்

அக்கா படத்துக்கு உட்கார்ந்தாள்! எத்தனை வருஷமாகக் கெஞ்சினேன். தையல் மெஷினை விற்றுவிட்டு என்னோடு வந்து இருக்கத் தொடங்கியதிலிருந்து தினமும் கேட்டாயிற்று. "மூஞ்சிய எடுத்து என்ன பண்ணப்போற" என்பாள். இன்று அவளாகவே தலையை வாரிக்கொண்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. தெரியும்.

என் பழைய மடக்குக் கேமராவை முக்காலியில் நிறுத்தினேன். அவள் தைத்துக் கொடுத்த கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கோட்டுப் பொத்தான்களை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள். கேமராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் அக்கா தலைகீழாக.

"தலைகீழாத் தெரியுற."

"உன் கண்ணுக்கு எப்பவும் அப்படித்தானே தெரிவேன்."

நான் கேமராவின் மடிப்புத் துருத்தியை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என் நெஞ்சுல இருக்கிற துருத்தியவிட இது நல்லா வேலை செய்யுதுடி" என்றாள். என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

ஒரு விநாடி மூச்சைப் பிடி என்றேன். "அது தானா நிக்கிற காலத்துலயா?" என்றாள். ஆனால் பிடித்தாள். எனக்காக.

எடுத்த உடனே இருமல் பிடித்துக்கொண்டது. ஃபிலிமை மூடும் தகட்டை எப்படியோ செருகிவிட்டு ஓடிப்போய் முதுகைத் தடவினேன். இருமல் நிற்க வெகுநேரமானது. இன்னொன்று எடுக்கட்டுமா என்றதற்கு, "ஒண்ணு போதும். நீ என்ன ஆல்பமா போடப்போற?"

ஜூன் 8, ஞாயிறு

அக்காவுக்கு உடம்பு சரியில்லை. போகவில்லை என்றேன். விடவில்லை. "போய்ப் பாத்துட்டு வா. நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்." பக்கத்து வீட்டம்மாவை இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

டாக்டர் அதை ஒரு போர்வையில் சுற்றி, சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். பிரித்தார்.

என்ன சொல்ல. செம்பழுப்பு மரம், கை பட்டுப் பட்டு வழவழவென்று. மூலைகளில் விரல் விரலைக் கோத்தாற்போல் பொருத்து. எங்கும் ஆணி கிடையாது. பித்தளைத் திருகைத் திருப்பினால் முன்பலகை சத்தமில்லாமல் எழுந்து வருகிறது. "பல்லெல்லாம் பத்திரமா இருக்கு" என்றார் டாக்டர், உள்ளே இருந்த பல் சக்கரத்தைக் காட்டி. தோல் துருத்தி கறுப்பு, ஒரு மடிப்பும் பிசகவில்லை. கீழே அந்த இலை. விரலால் தொட்டுப் பார்த்தேன். அழுதுவிடுவேன் போலிருந்தது, ஐம்பத்திரண்டு வயசில், ஒரு பெட்டிக்காக.

"மடிச்சே வச்சிருக்கணும். வெயில் பட்டா தோல் வெடிச்சிடும்" என்று இரண்டு முறை சொன்னார்.

என் கேமராவில் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ள விட்டார். வெள்ளைச் சுவரோரம், துருத்தியை முழுக்க நீட்டி வைத்து. பையிலிருந்து ஒரு ஃபிலிம் ஹோல்டரை எடுத்தேன், தகட்டில் வெள்ளை விளிம்பு. நிதானமாக எடுத்தேன். இவ்வளவு நிதானமாக நான் எதையுமே எடுத்ததில்லை.

ஜூன் 9, திங்கள்

அக்கா படுக்கையை விட்டு எழவில்லை. கடைக்கு லீவு.

ஜூன் 14, சனி

"என் படம் என்னாச்சு?" என்று கேட்டாள். இன்றைக்கே கழுவிக் காட்டுகிறேன் என்று பையைத் திறந்தேன்.

இரண்டு ஹோல்டர், பக்கத்துக்கு ஒன்றாக நான்கு ஃபிலிம். ஃபிலிமை மூடும் தகட்டுக்கு ஒரு பக்க விளிம்பு வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. எடுக்காததற்கு வெள்ளை வெளியே. எடுத்து முடித்ததும் திருப்பிச் செருக வேண்டும், கறுப்பு வெளியே. கேமரா தொட்ட முதல் நாளே படிப்பது அது.

கறுப்பு இரண்டு இருக்கணும். அக்கா ஒன்று, பெட்டி ஒன்று.

ஒன்றுதான் இருந்தது.

அவள் இருமியபோது — திருப்பாமல் செருகிவிட்டேனா? சரி, செருகியிருந்தாலும், மிச்ச மூன்றில் ஏதோ ஒன்றில் அக்கா இருக்கலாமே. இருக்கணும். குளியலறைக் கதவு இடுக்கில் துண்டைத் திணித்து, இருட்டில் நான்கையும் கழுவினேன். 

விளக்கைப் போட்டேன். மூன்று, எதுவும் பதியாமல் வெறும் கண்ணாடி மாதிரி. நான்காவதில் அக்காவும் பெட்டியும், ஒருவர் மேல் ஒருவராக.

ஐயோ, என்ன பண்ணிட்டேன். ஒரே ஒரு தடவைதான் உக்காந்தா. ஒரே ஒரு தடவை மூச்சைப் பிடிச்சா. அது மேல போய் ஒரு மரப்பெட்டியை எடுத்து வச்சிருக்கேனே, நிதானமா! எழுதி ஒட்டி வைக்கிற பழக்கம் இருந்தால்தானே. எல்லாம் ஞாபகம் இருக்கும் என்ற திமிர்.

ஜூன் 15, ஞாயிறு

அச்சுப் போட்டேன். டாக்டர் வீட்டு வெள்ளைச் சுவர் வெளுத்துப்போய் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. துருத்தி கறுப்பாக இருந்த இடத்தில் மட்டும் அக்காவின் முகம் தங்கியிருக்கிறது. இடது கன்னத்தில் பித்தளைத் திருகு.

மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். "குடுடி" என்று கை நீட்டிவிட்டாள். கொடுத்தேன். என்ன நடந்தது என்றும் சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.

"கடைசில அந்தப் பெட்டிக்குள்ளயே என்னை அடைச்சுட்டியேடி."

சிரித்தாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். "இன்னொண்ணு எடுக்கலாங்க்கா." தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "உக்கார முடியலடி" என்றாள்.

ஜூன் 21, சனி

அக்கா போய்விட்டாள். விடிந்த பிறகு. ஜன்னல் திறந்திருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

கறுப்புத் துணி நாற்காலியில் கிடக்கிறது. மூலைப் பொத்தான்களைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அக்கா மகன் வந்தான். "சித்தி, அம்மா போட்டோ நல்லதா ஒண்ணு இருக்கா? ஹால்ல மாட்டணும்." வேறு இல்லை, இதுதான் என்று அச்சைக் கொடுத்தேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கன்னத்துல என்ன சித்தி, ஆணியா?"

 படத்தை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, அக்காவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போனான். அதிலிருப்பதைப் பெரிதாக்கிக்கொள்வானாம். அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஜூலை 29, செவ்வாய்

பல் டாக்டர் ஃபோன். கண் மங்கிவிட்டதாம், தேய்த்த கண்ணாடியில் எதுவும் தெரிவதில்லையாம். "சும்மா கிடக்கிறதுக்கு, அருமை தெரிஞ்ச கையில இருக்கட்டும்மா. நீங்க வேணாம்னா கடைக்காரர்கிட்ட குடுத்துடுறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அதன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்கவில்லை. ஆனால் கடைக்காரர் யாருக்கு விற்பாரோ. எவனாவது வாங்கி, அலமாரியில் மடித்துப் பூட்டிவிடுவான். அக்காவை உள்ளே வைத்தா?

பைத்தியக்காரத்தனம்தான். "நானே வந்து எடுத்துக்கிறேன் டாக்டர்" என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெட்டி அக்கா அறையில் இருக்கிறது, ஜன்னலோரம், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில். இன்னும் அதில் ஒரு படமும் எடுக்கவில்லை.

போர்வையோடு கொடுக்கும்போதும் டாக்டர் மடித்தே வைக்கச் சொன்னார். நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ராத்திரிகூட மடிப்பதில்லை. துருத்தியை முழுக்க நீட்டி, ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். காலை வெயில் நேராக அதன் மேல்தான் விழுகிறது. இரண்டாவது மடிப்பில் தோல் லேசாக வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் வெடித்துவிடும்.

வெடித்தால் வெடிக்கட்டும். அவளுக்கு அடைத்து வைத்தால் ஆகாது.