சித்தியின் வண்டியில் நான் வைத்த காந்தம்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சித்தியும் என் பழைய மோட்டார் சைக்கிளும் சௌக்கியம், வண்டிக்கு மட்டும் காலை வேளையில் லேசாக இருமல். அங்கே உன் உடம்பு எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒளிக்காமல் எழுது. போனில் கேட்டால் நல்லா இருக்கேன் சித்தப்பா என்று மூன்றே வார்த்தையில் வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

விஷயம் உன் சித்தியைப் பற்றியது. அவள் வேலை பார்த்த வார்டை மூடிவிட்டு, அவளை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து ஸ்டோரில் பஞ்சுக்கட்டு எண்ண உட்கார வைத்தார்கள் என்று போன தடவை சொன்னேன். இருபது வருஷம் ஊசி பிடித்த கை, பாவம், வீட்டுக்கு வந்தால் பேசவே மாட்டாள். அப்புறம் வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றி ஊசி போட நர்ஸ் வேண்டும் என்று கேட்டார்களாம். நாற்பத்தெட்டு வயதில் முதல் ஆளாகக் கையைத் தூக்கிவிட்டாள். பைக் ஓட்டத் தெரியுமா என்றதற்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு நேரே என் மைக்செட் கடைக்கு வந்து, எனக்கு உடனே பைக் கத்துக்கொடுங்க, நான் அங்க பொய் சொல்லிட்டு வந்துட்டேன் என்றாள். என் பழைய வண்டியை அவளிடமே கொடுத்து மூன்றே நாளில் ஓட்ட வைத்தேன். மூன்று வாரம் என்று அவள் சொல்வாள், நம்பாதே. மூன்று மாதம் பார்ப்போம், அதற்குள் மூன்று தடவை நேரம் தப்பினால் திரும்ப ஸ்டோர்தான் என்று மேற்பார்வை அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

வழி காட்ட நீ கொடுத்துவிட்டுப் போன போன் இருக்கிறதே, அதை வண்டியில் எப்படி நிறுத்துவது என்றபோதுதான் கடையில் விற்கிற ஸ்டாண்டு அனுப்பட்டுமா என்று கேட்டாய். ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கி மாட்டுகிறவன் வீட்டுக்கு வெளியிலிருந்து ஸ்டாண்டு வந்தால் என் மானம் என்ன ஆவது! ஹேண்டில்பாரில் தகரப் பட்டை வளைத்து மாட்டினேன். வெயிலில் திரை தெரியவில்லை என்றாள், எண்ணெய் டப்பாவை வெட்டிக் கறுப்பு அடித்துக் கூரை போட்டேன். மழைக்குத் தலையணை வந்த பிளாஸ்டிக் உறை. பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்துச் சார்ஜுக்கும் வழி செய்தேன். ஃபியூஸ் வைக்காமல் முதலில் கொஞ்சம் புகைந்தது, அதை விடு. ஹெல்மெட்டுக்குள் ஒரு காதுக்கு மட்டும் சின்ன ஸ்பீக்கர். பக்கத்துக்கடை தையல்காரர் பார்த்துவிட்டு, என்னய்யா, வண்டி ஓட்டணுமா பறக்கணுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சிகரமாக, கருகிப்போன பெரிய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கழற்றிப் பட்டையில் பதித்து, போனின் முதுகில் தகடு ஒட்டினேன். வைத்தால் டக்கென்று பிடிக்கும். யானை வந்து இழுத்தாலும் அசையாது.

போன் அசையவில்லை, உன் சித்திதான் அலைந்தாள். ஐந்து தெரு சேருகிற சந்தை முனையில் வண்டியை நிறுத்தி, போன் திரையில் அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தத் தெருவில் புகுந்திருக்கிறாள். அது ஒருவழித் தெரு, முன்னால் லாரி, பின்னால் தள்ளுவண்டி. நீங்கள் தவறான வழியில் செல்கிறீர்கள் என்று போன் சாவகாசமாகச் சொல்லும்போது திரும்ப இடமே இல்லை. ஒரு தடவை அரை மணி நேரம் தாமதம், அடுத்த வாரம் நாற்பது நிமிஷம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மேலே சுத்துற சாட்டிலைட்டுக்கே கிறுக்குப் பிடிச்சிருக்கு என்றேன். அவள் அடுத்த நாள் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள், பட்டையோடு காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நகர்த்தினாள். அம்பு பூனை மாதிரி மெல்லத் திரும்பியது. எடுத்தாள், பழைய பக்கமே வந்தது. உங்க காந்தத்துக்கும் இதுக்குள்ள இருக்கிற திசைகாட்டிக்கும் ஆகல போலிருக்கு என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான், வாழ்நாளெல்லாம் காந்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவன், எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

அன்றே காந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, சோப்புப் பெட்டியைப் பட்டையில் திருகி, சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டிப் போனை அதில் இறுக்கினேன். மனசு மட்டும் ஆறவில்லை. மறுநாள் அவளிடம் சொல்லாமல் மேற்பார்வை அம்மாவைப் பார்க்கப் போனேன். உன் சித்தப்பா தன் தப்பை ஒப்புக்கொள்ள ஓர் அலுவலகப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. அம்மா, ரெண்டு தடவை நேரம் தப்பினதுக்கு நான்தான் காரணம், அவங்க இல்ல என்று ஆரம்பித்தேன். அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உங்க வீட்டம்மா வேற மாதிரி சொன்னாங்களே, எங்க வீட்டுக்காரர் அருமையாத்தான் செஞ்சு கொடுத்திருக்கார், எனக்குத்தான் பார்க்கத் தெரியலைன்னு என்றார்கள். உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன்.  யார் காரணமா இருந்தாலும் நோயாளிக்கு அது தாமதம்தானே, இன்னும் ஒரு தடவை ஆச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சரியான பேச்சு, கோபித்துக்கொள்ள வழியில்லை.

மூன்று மாதத்தின் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை. அறுவை முடிந்து வீடு திரும்பிய ஓய்வுபெற்ற தபால்காரருக்குப் பத்து மணிக்கு ஊசி. பாதி வழியில் குழாய் போடத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், கூடவே மழை. போன் வேறு தெரு காட்ட, இரண்டு பள்ளிக்கூடங்களைச் சுற்றி, ஒரு மரக்கடைக்குள் நுழைந்து பின்வாசல் வழியாக வந்தாளாம். மரக்கடைக்காரர், ஏம்மா, இது கடையா ரோடா என்று கத்த, ஊசி போடணும்ண்ணே, உங்களுக்கும் வேணுமா என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள். ஒன்பது ஐம்பத்து மூன்றுக்குத் தபால்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த ஏழு நிமிஷத்தை நான் தெருவில் எல்லோரிடமும் அரை மணி நேரம் என்று சொல்லியிருக்கிறேன், உனக்கு மட்டும் உள்ளதை எழுதுகிறேன்.

திங்கள்கிழமை வேலையை நிரந்தரம் செய்து காகிதம் கொடுத்துவிட்டார்கள். அதை மேசையில் வைத்துவிட்டு, ஈர ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, நாளைக்கு முதல் வீடு ஏழு மணிக்கு, வண்டியில பெட்ரோல் இருக்கான்னு பாருங்க என்றாள். ஸ்டோரில் இருந்த நாட்களில் கேட்காத குரல் அது. காகிதத்தை நான் நாலு தடவை படித்தேன், அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீயும் எடுத்த வேலையில் அப்படியே நிமிர்ந்து நில், எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும். குளிரில் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை சித்தியைக் கூப்பிட்டு, இன்னைக்கு எத்தனை வீடு சித்தி என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள், ஒரு மணி நேரம் பேசுவாள். மேற்பார்வை அம்மா என்னிடம் சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இப்படிக்கு,
பெட்ரோல் போடக் கிளம்பிக்கொண்டிருக்கும்
உன் சித்தப்பா